சுக்கானை விட்ட கை

பாய்க்கலத்தை நகர்த்துவது காற்று. அதற்குத் திசை கொடுப்பது சுக்கான். இவ்வளவும் கடற்கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். தூய யாக்கோபும் தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இந்தச் சுக்கானைத்தான் நாவுக்கு உவமையாக எடுத்துக்கொள்கிறார். பென்னம்பெரிய கப்பலுக்கு முன் அத்தனை சிறிய ஒரு பலகை எவ்வளவு வலிமை பெற்றிருக்கிறது என்பதே அங்கு அவர் காட்டும் வியப்பு. ஆனால் காற்றுக்கும் சுக்கானுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதன் பெயர் சமநிலை. படகில் பயணம் செய்கிறவர் அதைப்பற்றி எண்ணுவதில்லை. படகைக் கட்டுகிறவருக்கு அதைத் தவிர வேறு எண்ணம் இருப்பதில்லை. நன்றாகச் சமன் செய்யப்பட்ட படகு சுக்கானை அதிகம் கேட்காது. கையை எடுத்துவிட்டாலும் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். ரேடியோ அலையால் இயங்கும் ஒரு மீட்டர் நீளப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டி முடிப்பதற்குள் இந்த உண்மையை நாங்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் என்பது அண்ணனும் தம்பியுமாகிய இருவர். மூத்தவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இளையவருக்கு வானொலி, தொலைக்காட்சி பழுது பார்ப்பது தொழில். எங்கள் இருவருக்கும் கடல் தொழில் இல்லை. அது அப்பாவோடு நின்றுவிட்டது. அப்பா தூத்துக்குடித் தோணிகளில் 16 வயதில் ஏறியவர். எஞ்சின் பொருத்தாத காலத்துத் தோணியில் தண்டலாக இருந்து, கொழும்புத் துறைமுகத்துக்குச் சரக்குக் கொண்டு போனவர். இன்று அவருக்கு 82 வயது.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலக்கைப் பெருவிரலில் நடுக்கம் தொடங்கியது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மாத்திரை உருட்டுவது போன்ற ஓர் அசைவு. நடுக்குவாதம் என்றார் மருத்துவர். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் 1817-இல் விரிவாக எழுதி, பின்னாளில் அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய் அது. கை சும்மா கிடக்கும்போது நடுக்கம் மிகுதி. ஒரு வேலைக்காகக் கையை நீட்டினால் சற்று அடங்கும். எதையேனும் பிடித்தபடியே நிறுத்தி வைத்திருந்தால் சில நொடிகளில் மறுபடியும் வந்துவிடும். மருந்து ஓரளவு உதவுகிறது. ஆனால் மருந்தால் ஆகாத ஒன்று இருந்தது. அப்பா அந்தக் கையை மறைக்கத் தொடங்கினார். திருப்பலியில் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நற்கருணையைக் கையில் வாங்கும் வழக்கத்தை விட்டார். சனிக்கிழமை மாலைதோறும் மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றுகிறவர், தீக்குச்சி திரியைத் தேடி அலைவதை நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அதையும் நிறுத்திவிட்டார். துறைமுகப் பக்கம் போவதில்லை. பழைய தோணிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் உறங்குவதாகச் சொல்லச் சொன்னார்.

வெளிநாட்டில் ஒரு குளத்தில் முதியவர்கள் சிலர் ஆளுயர மாதிரிப் பாய்மரப் படகுகளைக் கரையில் நின்றபடியே ஓட்டும் காட்சியை எங்கள் வீட்டு இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியில் அவருக்குக் காட்டினான். அப்பா அதை வாங்கி இடக்கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அந்த மூணாவது படகுக்காரன் பாயை அளவுக்கு மேல இழுத்துப் புடிச்சிருக்கான்லே" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு கடலைப் பற்றி அவர் சொன்ன முதல் சொல் அது. அன்றிரவே நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

அந்தப் படகுகள் சர்வதேச ஒரு மீட்டர் வகுப்பைச் சேர்ந்தவை. 1988-இல் உருவான வகுப்பு அது. படகின் உடல் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது. நீருக்குள் 420 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இறங்கக்கூடாது. மொத்த எடை 4 கிலோவுக்குக் குறையக்கூடாது. பணமுள்ளவர் மட்டுமே வெல்லும் விளையாட்டாகிவிடக் கூடாது என்று, படகின் உடலில் கார்பன் இழை போன்ற விலை மிகுந்த பொருள்களைத் தடை செய்திருக்கிறார்கள். மரம் போதும், கண்ணாடி இழை போதும். இந்த விதி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் எங்களுக்கு இல்லையாயினும் அந்த அளவுகளையே எடுத்துக்கொண்டோம். பலர் பல ஆண்டுகள் முயன்று பார்த்த அளவுகளை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க நாங்கள் யார்?

கரையில் நிற்பவர் கையில் ஒரு கருவி. அதில் இரண்டு குச்சிகள். ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றது இரு பாய்களின் கயிற்றையும் சேர்த்து இழுக்கும், தளர்த்தும். அவ்வளவே. உந்துபொறி எதுவும் இல்லை. ரேடியோ என்றதும் படகு முழுவதும் நம் ஆணைக்குள் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். காற்று நம் ஆணைக்குள் இல்லையே!

இங்கேதான் எங்கள் கவலையும் இருந்தது. சுக்கான் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது நீரைத் தடுக்கிறது. அதாவது படகுக்குக் கடிவாளம் போடுகிறது. நடுங்கும் பெருவிரல் ஒன்று அந்தக் குச்சியின் மேல் இருந்தால் சுக்கானும் ஓயாமல் ஆடும். படகு பாம்பு போல வளைந்து வளைந்து நின்றுபோகும். இப்போது வரும் கருவிகளில், குச்சியின் நடுப்பகுதியில் ஏற்படும் சிறு அசைவுகளைப் பாதியாகவும் கால்வாசியாகவும் குறைத்து அனுப்பும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்திக்கொண்டோம், முழுமையாகப் போதாது. குச்சியில் கையே வைக்கவேண்டாத படகாக அதைக் கட்டுவது ஒன்றே வழி. சுக்கான் குச்சியில் வில்கம்பி உண்டு. விரலை எடுத்ததும் அது தானே நடுவுக்கு வந்துவிடும். பிறகு படகு என்ன செய்யும் என்பதை நிர்ணயிப்பது படகின் சமநிலை மட்டுமே.

உடலைக் கட்டிய கதை நீளமானது. தச்சர்களுக்குப் புதியதும் அன்று. வரைபடத்தின்படி ஒட்டுப்பலகையில் குறுக்குச் சட்டங்கள் வெட்டி, ஒரு நீளப் பலகையின் மேல் தலைகீழாக நிறுத்தி, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பால்சா மரக் கீற்றுகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டி, உப்புத்தாள் போட்டு, மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எப்பாக்சிப் பசையால் உள்ளும் புறமும் பூசினோம். இரண்டு மாதம் ஆயிற்று. சட்டங்களை நீக்கிவிட்டுத் தூக்கிப் பார்த்தால் கால் கிலோவைச் சற்றே தாண்டியது. பூசணிக் குடுக்கையைத் தூக்குவது போலிருந்தது.

அந்தக் குடுக்கையை நிமிர்த்தி நிறுத்துவது ஈயம். படகின் நடுவிலிருந்து ஒல்லியான பலகை ஒன்று செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. அதன் நுனியில் மீன் வடிவில் ஒரு ஈயக் குண்டு. பலகையும் குண்டும் சேர்ந்து 2,200 முதல் 2,500 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. அதாவது 4 கிலோப் படகில் பாதிக்கு மேற்பட்ட எடை கண்ணுக்குத் தெரியாமல் நீருக்கடியில் தொங்குகிறது. அதை ஏரா என்று நாங்கள் குறிப்பிட்டபோது அப்பா சிரித்துவிட்டார். தோணியின் ஏரா அணியம் முதல் கடையால் வரை ஓடும் ஒரு பெருமரம். "இது ஏரா இல்லலே, காது கம்மல்" என்றார்.

ஈயம் வார்த்தது அப்பாவின் நாள். இளமையில் வலைக்கு ஈயமணி வார்த்துப் பழகிய கை அது. பாரிஸ் சாந்தில் இரு பாதியாக அச்சு எடுத்து வெயிலில் வைத்திருந்தோம். நான்கு நாளில் காய்ந்துவிட்டது என்பது எங்கள் கணிப்பு. அப்பா அச்சைத் தூக்கித் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "குளிருது. இன்னும் ஈரம் இருக்கு" என்றார். ஈரமுள்ள சாந்து, நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கையைவிடக் கன்னம் அதை எளிதில் அறியும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுவது. அந்தச் சூட்டில் ஒரு துளி ஈரம் பட்டாலும் நீராவியாக வெடித்து ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். மேலும் ஐந்து நாள் வெயில், பிறகு தணலருகே ஒரு பகல். அச்சு கன்னத்துக்குக் குளிராத அன்றுதான் அப்பா தலையசைத்தார். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, 2,100 கிராம் ஈயத்தை வார்த்தோம். மூன்று கோழிமுட்டையின் பருமனுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஈயம் நஞ்சு என்பதால் கைகளைச் சோப்பிட்டுக் கழுவும் வரை ஒருவரும் ஒன்றும் உண்ணவில்லை. அப்பா காலத்தில் இந்த எச்சரிக்கையெல்லாம் கிடையாது.

அடியில் கிடக்கும் பாரம்தான் படகை நிமிர்த்துகிறது என்பது மறையுரைக்கு எளிதில் அகப்படும் உவமை. நண்பர் ஒருவர் அதைச் சொல்லவும் செய்தார். துன்பம் நம்மைக் கவிழாமல் காக்கிறது பாருங்கள் என்றார். எங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஈயத்தைப் பலகையின் நுனியில் வேண்டுமென்றே பொருத்தினோம். அப்பாவின் விரலில் அந்த நடுக்கத்தை யாரும் நன்மை கருதிப் பொருத்தவில்லை. நோயாளிகளைக் குணமாக்கிய ஆண்டவர் அவர்களிடம் நோயின் பயன்களை விளக்கிக்கொண்டிருந்ததாக நற்செய்தியில் எங்கும் இல்லை.

படகைப் பார்க்க வந்த அத்தை ஒருவர், "மாதாவுக்கு நேர்ச்சையா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. கடலில் உயிர் பிழைத்தவர்கள் கப்பல் மாதிரிகளைச் செய்து ஆலயங்களில் காணிக்கையாகத் தொங்கவிடும் வழக்கம் கத்தோலிக்க உலகில் பரவலாக இருந்தது. பிரான்சில் மார்செய் துறைமுகத்துக் குன்றின் மேலுள்ள மாதா பேராலயத்திலும், கனடாவில் மொன்றியால் நகரத்துப் பழைய மாதா சிற்றாலயத்திலும் அத்தகைய சிறு கப்பல்கள் இன்றும் மேலிருந்து தொங்குகின்றன. அப்பா அத்தைக்கு விடை சொன்னார்: "தண்ணி படாத படகு எனக்கு எதுக்கு?"

தண்ணீர் பட வேண்டிய நேரமும் வந்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள சிமெண்ட் தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பினோம். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிகுந்தது. கடலில் 3.9 லிட்டர் நீரை விலக்கி மிதக்கும் படகு குளத்தில் 4 லிட்டரை விலக்கி, ஒரு நூலிழை ஆழமாக மிதக்கும். நாங்கள் ஓட்டப்போவது குளத்தில். ஆகவே நன்னீர்.

அணியத்திலும் கடையாலிலும் நீர்மட்டக் கோட்டைப் பென்சிலால் குறித்து, பாய்மரம், மோட்டார், மின்கலம் எல்லாம் ஏற்றி மிதக்கவிட்டோம். அணியம் கோட்டுக்குக் கீழே அமிழ்ந்தது. அளவுகோலை வைக்கும் முன்பே அப்பா, "அணியத்துல பாரம் கூடிப்போச்சு, பின்னால தள்ளு" என்றார். தோணியில் சரக்கு அடுக்குவதும் இதே கலைதானாம். மூட்டைகளை முன்னால் ஒரு வரிசை கூடுதலாக அடுக்கினால் தோணி அலையில் மூக்கைக் குத்தும், சுக்கானுக்குக் கட்டுப்படாது. சரக்கின்றித் திரும்பும்போது மணலை ஏற்றி, அதையும் இப்படியே பார்த்துப் பார்த்துப் பரப்புவார்களாம். நாங்கள் 100 கிராம் மின்கலத்தைப் பத்து சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினோம். அப்படி நகர்த்தினால் 4 கிலோப் படகின் எடைமையம் இரண்டரை மில்லிமீட்டர் பின்னே போகும் என்பது எளிய கணக்கு. அந்த இரண்டரை மில்லிமீட்டரில் அணியம் எழுந்து கோட்டில் நின்றது. பிறகு படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். நேராக மிதக்கையில் ஒழுங்காயிருக்கும் படகு சாயும்போது மூக்கைத் தாழ்த்திக்கொள்வதுண்டு. பின்புறம் அகன்ற உடல்களுக்கு இந்தக் குணம் அதிகம். எங்கள் படகு பின்புறம் ஒடுங்கியது. வேகம் குறைந்தாலும் குணம் நல்லதாக இருக்கட்டும் என்று அந்த வரைபடத்தைத் தேர்ந்திருந்தோம்.

இந்தக் குணத்தைப் பற்றி மிகுதியாக யோசித்தவர்கள் ரேடியோ வருவதற்கு முந்தைய தலைமுறையினர். இலண்டனில் கென்சிங்டன் தோட்டத்தின் வட்டக் குளத்திலும், அமெரிக்காவில் மார்பில்ஹெட் என்னும் கடற்கரை ஊரிலும் மாதிரிப் பாய்மரப் படகுகளை நீரில் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். 50 அங்குல நீளமும் 800 சதுர அங்குலப் பாயும் கொண்ட மார்பில்ஹெட் வகுப்பு 1930-இல் அப்படித்தான் பிறந்தது. தள்ளிவிட்ட பிறகு படகை யாரும் திருத்த முடியாது. அது தன்னைத்தானே திருத்திக்கொள்ள வேண்டும். பாயின் கயிறு இறுகும்போது அந்த இழுப்பே சுக்கானைத் திருப்பும்படி ஒருவர் பொறி அமைத்தார். காற்றுக்காட்டித் தகடு ஒன்றைச் சுக்கானோடு இணைத்து, காற்றோடு படகு கொள்ளும் கோணம் மாறாதபடி வேறு சிலர் செய்தார்கள். ஆனால் எந்தப் பொறியும் சமநிலையற்ற படகைக் காப்பாற்றவில்லை. ஆங்கிலக் கடற்படையின் பொறியியல் அட்மிரல் ஆல்பிரட் டர்னர், படகு சாயும்போது அதன் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று எப்படி ஈடு செய்கின்றன என்று கணக்கிட ஒரு முறையையே வகுத்தார். கண் மருத்துவரான ஹாரிசன் பட்லர் அதைப் பின்பற்றி மனிதர் பயணம் செய்யும் படகுகளை வரைந்தார். இன்றைய வடிவமைப்பாளர்கள் அந்தக் கொள்கையை முழுதும் ஏற்பதில்லை. எங்களுக்கோ அந்தப் பழையவர்களின் கேள்விதான் தேவைப்பட்டது: கை இல்லாதபோது படகு எங்கே போகும்?

அதற்கான விடை இரண்டு புள்ளிகளில் இருக்கிறது. பாய்களைத் தாளில் வரைந்து வெட்டி ஊசிமுனையில் நிறுத்தினால் ஒவ்வொன்றின் நடுப்புள்ளி கிடைக்கும். இரண்டின் பரப்புக்கு ஏற்ப அவற்றை இணைத்தால், காற்றின் தள்ளுதல் முழுவதும் ஒன்றுகூடுவதாகக் கொள்ளத்தக்க ஒரு புள்ளி கிடைக்கும். அதேபோல் நீருக்கடியிலுள்ள பலகையும் உடலும் பக்கவாட்டு நகர்வை எதிர்க்கும் விசைக்கு ஒரு புள்ளி உண்டு. காற்றுப் புள்ளி மிகவும் பின்னால் இருந்தால் படகு காற்றை நோக்கி முகம் திருப்பும். மிகவும் முன்னால் இருந்தால் காற்றைவிட்டு விலகி ஓடும். இரண்டில் பின்னது ஆபத்தானது. காற்றை நோக்கித் திரும்பும் படகு முடிவில் பாய் படபடக்க அசையாமல் நின்றுவிடும். விலகி ஓடும் படகோ காற்றை முதுகில் வாங்கி வேகமெடுத்து, பாய் மறுபக்கம் அறைந்து, எங்கோ போய் மோதும். ஆகவே முற்றிலும் நடுநிலை வேண்டாம். மிகச் சிறிதளவு காற்றை நாடும் குணம் இருக்கட்டும் என்பதே படகோட்டிகளின் மரபு. எந்தப் பக்கம் பிழைக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளும் இந்த விவேகம் எங்களுக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுகிறது.

தாளில் கண்ட புள்ளிகள் தொடக்கத்துக்கு மட்டுமே. காற்று தாளைப் படிப்பதில்லை. தை மாதத்தில், மழைக்குப் பின் நிறைந்திருந்த ஒரு குளத்துக்கு விடியற்காலையில் போனோம். வாடைக்காற்று மெல்ல வீசியது. அப்பா கரையில் நாற்காலியில் அமர்ந்துகொண்டார். கருவியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் மாறி மாறி ஓட்டினோம். எந்தப் பாய்க்கலமும் காற்றுக்கு நேர் எதிராகப் போக இயலாது; ஏறத்தாழ 45 பாகை சாய்வாக ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று வெட்டி வெட்டித்தான் முன்னேறும். அப்படி ஒரு வெட்டில் போகும்போது குச்சியை விட்டோம். படகு உடனே காற்றை நோக்கித் திரும்பி நின்றது. பாய்மரத்தின் உச்சியை முன்னோக்கிச் சிறிது சாய்த்தோம். மேலும் அடியை மூன்று மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினோம். இப்போது மெல்ல விலகி ஓடியது. அடியை ஒரு மில்லிமீட்டர் பின்னே கொணர்ந்தோம். மெல்லிய காற்றில் சரியாயிற்று. வலுத்த காற்றில் மறுபடியும் திரும்பியது. படகு சாயும்போது பாயின் விசை படகுக்கு வெளியே, காற்று மறைவுப் பக்கத்தில் போய் நிற்கிறது. அது படகை முறுக்கிக் காற்றை நோக்கித் திருப்புகிறது. இதற்குப் பாய்மரத்தை மேலும் சாய்ப்பது மருந்தன்று. பெரிய பாயின் மேற்பகுதி காற்றைச் சிறிது வழியவிடும்படி தளர்த்துவதே மருந்து. அப்பா நாற்காலியிலிருந்து, "மேல்பாய் மூச்சு விடட்டும்லே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நூலில் இரண்டு பக்கம் எழுதியிருந்த செய்தி அது.

இப்படி ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். முதல் திருப்பலி முடிந்ததும் குளம். ஆறாம் வாரம் எங்கள் கை விலகிய நிலையில் படகு ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, நூல் பிடித்தாற்போல் என்று சொல்லமாட்டோம், ஆனால் வழி தெரிந்தவன் நடப்பதுபோல் போயிற்று. காற்று வலுக்கும்போது சற்றே தலைநிமிர்ந்து, தணியும்போது பழைய தடத்துக்கு வந்தது.

அன்று அப்பா எழுந்து வந்தார். கருவியைக் கழுத்தில் மாட்டிவிட்டோம். பெருவிரல் குச்சியில் பட்டதும் படகின் பின்புறத்தில் சுக்கான் அடித்துக்கொள்வது கரையிலிருந்தே தெரிந்தது. படகு நெளிந்தது. வேகம் செத்தது. வரப்பில் ஆடு மேய்க்கும் சிறுவர் இருவரும், நடைப்பயிற்சிக்கு வந்த சிலரும் பார்த்துக்கொண்டிருந்தனர். கையைச் சட்டைப் பைக்குள் கொண்டுபோய்விடுவாரோ என்று நாங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றோம். அப்பா பெருவிரலைக் குச்சியிலிருந்து எடுத்தார். கையைக் கீழே தொங்கவிட்டார். அது தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. படகு இரண்டு நொடி யோசித்தது போலிருந்தது. பிறகு பாய் நிறைந்து, சாய்ந்து, தன் தடத்தைப் பிடித்துக்கொண்டது. மறுகரையை நெருங்கியபோது ஒரே ஒரு தட்டு. படகு காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்பியது. மறுபடியும் கை கீழே. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அவர் குச்சியைத் தொட்டது பதினொரு முறை. நாங்கள் எண்ணினோம். எங்களில் யாரும் அதுவரை முப்பதுக்குக் குறைவாகத் தொட்டதில்லை.

மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் புயல் எழும்போது ஆண்டவர் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்து உறங்கிக்கொண்டிருக்கிறார். அந்த வாசகம் வரும்போதெல்லாம் அப்பா ஒரு தோணிக்காரரின் ஐயத்தை எழுப்புவார். கடையால் என்பது சுக்கான் பிடிப்பவன் இடம். அவன் காலடியில் படுத்து உறங்குவதென்றால் அவன் கையில் எத்தனை நம்பிக்கை வேண்டும்! அன்று சுக்கான் பிடித்தவன் யார் என்று நற்செய்தியாளர் எழுதவில்லையே என்று அவருக்கு வருத்தம். புயலை அடக்கிய அற்புதத்தைவிட அந்த உறக்கத்தைப் பற்றியே அவர் அதிகம் பேசியிருக்கிறார். அன்று குளக்கரையிலிருந்து திரும்பும் வழியில், ஆட்டோவில் படகை மடிமேல் வைத்துக்கொண்டு, தண்டல் உறங்கும்போது சுக்கான் யாரிடம் இருக்கும் என்று கேட்டோம். "நல்லா அடுக்கின தோணின்னா சின்னப் பையன்கிட்டகூட குடுத்துட்டு ஒறங்கலாம். அடுக்கிறதுலதான் இருக்கு" என்றார்.

பழைய தோணிக்காரர் இருவர் இப்போது ஞாயிறுதோறும் குளத்துக்கு வருகிறார்கள். கருவியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறிக்காத குறை. பாய்மரத்தை இன்னும் ஒரு மில்லிமீட்டர் பின்னுக்குக் கொண்டுவரவேண்டுமா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அப்பா விட்டுக்கொடுப்பதாயில்லை. அவருடைய நோய் குறைந்துவிடவில்லை. இடக்கையிலும் தொடங்கியிருக்கிறது. காலை மருந்து இறங்கிய பிறகுள்ள இரண்டு மணி நேரமே அவருக்கு நல்ல நேரம். அதைக் கணக்கிட்டுத்தான் புறப்படுகிறோம்.

பங்குனிக்குள் குளம் வற்றத் தொடங்கிவிட்டது. 42 சென்டிமீட்டரில் கோடு போட்ட மூங்கில் குச்சி ஒன்றை அப்பா கொண்டுவந்து, வாரம்தோறும் ஒருவரை நீரில் இறங்கச் சொல்லி ஆழம் பார்க்கிறார். நடுக்குளத்தில் இன்னும் மூன்று வாரத்துக்குத் தாங்கும் என்பது அவர் மதிப்பு. அதன் பிறகு அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த வகுப்பில் காற்றின் வலுவுக்கேற்ப மூன்று அளவுப் பாய்கள் உண்டு. எங்களிடம் இருப்பது பெரியது மட்டுமே. மழைக்காலத்துக் காற்றுக்குச் சிறிய பாய் இல்லாமல் ஆகாது என்று, இப்போதே தாளை விரிக்கச் சொல்லியிருக்கிறார். கோடுகளை அவர் சொல்ல நாங்கள் வரைகிறோம்.